இரண்டு மாத்திரைகள் பலிக்காத பிறகு: மரபணுப் பரிசோதனை, கூட்டு மருந்து, கீட்டமின், மின்னதிர்வு – எதை எப்போது தேர்வது?

என் அக்காவுக்கு மனச்சோர்வுக்காக முதலில் எஸ்சிட்டலோப்ராமும், பிறகு அதை மாற்றிச் செர்ட்ராலினும் கொடுக்கப்பட்டன. இரண்டும் போதவில்லை என்று மருத்துவர் சொன்ன அன்று, அடுத்து என்ன செய்வது என்பதற்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் இருந்தது. அத்தான் ஓர் ஆய்வகத்தின் விளம்பரத் தாளைக் கொண்டுவந்தார். எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் உங்களுக்குப் பொருந்தும் மருந்தை உங்கள் மரபணுவே சொல்லிவிடும் என்று அதில் அச்சிட்டிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் தம்பி, மூக்கில் அடிக்கும் புது மருந்து ஒன்று வந்திருப்பதாகச் சொன்னான். அம்மா, என்ன செய்தாலும் சரி, கரண்ட் மட்டும் வைக்கக் கூடாது என்றார். மருத்துவரோ, இப்போது சாப்பிடும் மாத்திரையோடு இன்னொன்றைச் சேர்த்துப் பார்க்கலாம் என்றார். இந்த நான்கு வழிகளையும் ஒப்பிட்டுப் படித்ததில் எனக்குத் தெளிவானவற்றை, இதே இடத்தில் நிற்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். இதைப் படித்துவிட்டு யாரும் தம் மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ மாற்றவோ கூடாது.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: மருந்து உண்மையிலேயே பலிக்கவில்லையா, அல்லது உள்ளே போகவில்லையா? முதல் மருந்து தொடங்கிய மூன்றாம் மாதம், அக்காவின் கைப்பையில் பதினைந்து மாத்திரை கொண்ட அட்டை ஒன்றைப் பார்த்தேன். கணக்குப்படி அது காலியாக இருந்திருக்க வேண்டும். ஆறு மாத்திரைகள் பிரிக்கப்படாமல் இருந்தன. "ஏன்க்கா டாக்டர்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். "வயித்தைப் புரட்டுதுடா, பள்ளிக்கூடம் போற நாள்ல எப்படிச் சாப்பிடறது? சொன்னா கோவிச்சுக்குவாருன்னு விட்டுட்டேன்" என்றாள். மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட்டதை இரவு உணவுக்குப் பிறகு என்று மாற்றி, ஒழுங்காக ஆறு வாரம் பார்த்த பின்னரே அடுத்த மருந்துக்குப் போனார். தகுந்த அளவில், ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் சாப்பிட்டும் பலன் இல்லாத மருந்தைத்தான் தோற்ற மருந்து என்று எண்ண வேண்டும். அப்படி இரண்டு தோற்றால்தான் அதை மருந்துக்கு மசியாத மனச்சோர்வு என்கிறார்கள்.

இந்த எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 நோயாளிகளைப் படிப்படியாகத் தொடர்ந்து, 2006இல் முடிவுகள் வெளிவந்த ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்தில் மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலாகவும், இரண்டாம் படியில் நூற்றுக்கு 30 பேருக்கும் நோய்க்குறிகள் ஏறக்குறைய முழுமையாக நீங்கின. மூன்றாம், நான்காம் படிகளில் அது நூற்றுக்கு 13, 14 பேராகச் சரிந்தது. அதே தரவுகளை 2023இல் மறுபடி கணக்கிட்டவர்கள், மொத்தப் பலன் அறிவிக்கப்பட்டதைவிடவும் குறைவு என்று காட்டினர். ஆக, இரண்டு தோற்ற பின், அதே வகையில் மூன்றாவது மாத்திரைக்கு வெறுமனே மாறுவது குறைந்த வாய்ப்புள்ள பந்தயம். அந்த இடத்தில்தான் பரிசோதனைகளின் கவர்ச்சி நம்மை இழுக்கிறது.

சர்க்கரை நோய்க்கு ரத்தச் சர்க்கரை இருப்பதுபோல மனச்சோர்வுக்கும் ஒரு குறி இருந்துவிடாதா என்ற ஏக்கம் பழையது. 1981இல் பெர்னார்டு கரோலும் அவருடைய குழுவினரும், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தபின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறையாவிட்டால் அது கடும் மனச்சோர்வின் அடையாளம் என்று ஒரு பரிசோதனையை முன்வைத்தனர். எடை குறைந்தவர்களிடமும், மது அருந்துபவர்களிடமும், மறதி நோயாளிகளிடமும் அதே முடிவு வந்ததால் அது வழக்கொழிந்தது. 2003இல், மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனினைக் கடத்தும் புரதத்தின் மரபணு வகையும் வாழ்க்கைத் துயரங்களும் சேர்ந்தால் மனச்சோர்வு வரும் என்ற ஆய்வு பெரும் புகழ் பெற்றது. 2019இல் லட்சக்கணக்கானோரின் தரவுகளை வைத்து, அதுவரை பேசப்பட்ட பதினெட்டு மரபணுக்களைச் சோதித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மரபணுக்களைவிட அவை எவ்விதத்திலும் மேலானவையாகத் தெரியவில்லை. மூளை ஸ்கேனும் இதற்கு விலக்கன்று. ஜெர்மனியில் 1,801 பேரை வைத்து 2024இல் வெளியான ஆய்வில், கணினிக்கு லட்சக்கணக்கான வழிகளில் கற்றுக்கொடுத்தும், மனச்சோர்வு உள்ளவரையும் இல்லாதவரையும் பிரிப்பதில் அதிகபட்சத் துல்லியம் 62 விழுக்காடாகவே இருந்தது. நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும்.

எங்கள் மருத்துவரிடம், "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று அத்தான் கேட்டார். "எடுக்கலாம் சார். ஆனா அதுல என்ன வந்தாலும் நான் எழுதுற சீட்டு மாறாது" என்றார் அவர். பிறகு வந்த எல்லாவற்றையும் நான் இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே எடைபோட்டேன்: பரிசோதனையின் முடிவு, எழுதப்போகும் சீட்டை மாற்றுமா?

அந்தக் கேள்வியைத் தாண்டிக் கொஞ்சமாவது நிற்பவை இரண்டு. ஒன்று சி.ஆர்.பி. எனப்படும், உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. ஐரோப்பிய ஆய்வு ஒன்றின் தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, சி.ஆர்.பி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு எஸ்சிட்டலோப்ராமும், அதற்கு மேலே இருந்தவர்களுக்கு வேறு வகை மருந்தான நார்ட்ரிப்டிலினும் நன்றாக வேலை செய்தன. மூட்டுவாதத்துக்கான, அழற்சியைத் தணிக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்தை 60 மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2013இல் வெளியான ஆய்வில், மொத்தத்தில் பயன் இல்லை, ஆனால் சி.ஆர்.பி. அளவு 5க்கு மேல் இருந்தவர்களிடம் முன்னேற்றம் தென்பட்டது. இவை எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை தருகின்றன, ஏனெனில் மனச்சோர்வு என்பது ஒரே நோய் அன்று என்பதை அவை சுட்டுகின்றன. ஆனால் பல் ஈறு வீங்கியிருந்தாலும், உடல் பருத்திருந்தாலும், சளி பிடித்திருந்தாலும் அந்த எண் ஏறிவிடும். ஒரு தனிநபருக்கு அதை மட்டும் நம்பி மருந்தைத் தேர்ந்தெடுக்கும் நிலை இன்னும் வரவில்லை.

மற்றொன்று, அத்தான் கொண்டுவந்த மரபணுப் பரிசோதனை. அது மனச்சோர்வைப் பற்றி எதையும் சொல்வதில்லை. கல்லீரல் மருந்தை எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது என்பதையே சொல்கிறது. சி.ஒய்.பி.2சி19, சி.ஒய்.பி.2டி6 என்ற இரண்டு நொதிகள் இதில் முக்கியமானவை. முதலாவது மெதுவாக வேலை செய்பவர்களுக்கு எஸ்சிட்டலோப்ராம், சிட்டலோப்ராம் ஆகியவை ரத்தத்தில் தேங்கும். அதனால்தான் அத்தகையோருக்குச் சிட்டலோப்ராமை 20 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்துகிறது. இது நமக்கு அந்நியமான செய்தி அன்று. ஐரோப்பியரிடம் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் காணப்படும் இந்த மெதுவான வகை, புதுச்சேரி ஜிப்மர் மருந்தியல் ஆய்வாளர்கள் தமிழரிடம் பார்த்தபோது நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேலாக இருந்தது. ஆகவே, சிறிய அளவிலேயே தாங்க முடியாத பக்கவிளைவு வருபவருக்கும், அதிக அளவிலும் எந்த அசைவும் தெரியாதவருக்கும் இந்தப் பரிசோதனை சீட்டை மாற்றக்கூடும். பொதுவாக எல்லாருக்கும் செய்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் 1,944 பேரிடம் செய்து 2022இல் வெளியான ஆய்வில், பரிசோதித்து மருந்து எழுதப்பட்டவர்கள் இடையில் சிறிது முந்தினாலும், 24ஆம் வாரத்தில் இரு பிரிவினருக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மரபணுவே சொல்லிவிடும் என்ற விளம்பர வாசகம் உண்மையைக் கடந்துவிட்டது.

மரபணுப் பரிசோதனைக்கு ஆகியிருக்கும் தொகையை வைத்துக்கொண்டு நாங்கள் செய்தவை எளியவை: தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம், சிறுநீரகச் செயல்பாடு. அக்காவின் ஹீமோகுளோபின் 8.4 ஆக இருந்தது. இரும்புச்சத்து கொடுத்தபின் படியேறும்போது வந்த மூச்சிரைப்பும் களைப்பும் குறைந்தன. சோகம் குறையவில்லை. ஆனால் எது ரத்தசோகை, எது மனச்சோர்வு என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. இவற்றைவிட முக்கியமான பரிசோதனைக்குப் பணமே தேவையில்லை: தூக்கமே இல்லாமல் உற்சாகம் பொங்கி, கைக்கு மீறிச் செலவு செய்து, ஓயாமல் பேசிய நாட்கள் எப்போதாவது உண்டா என்று வீட்டாரைக் கேட்பது. உண்டு என்றால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அப்போது மருந்துத் திட்டமே தலைகீழாக மாறும். இரண்டு மூன்று மாத்திரைகள் பலிக்காமல் போவதற்கு இது அடிக்கடி மறைந்திருக்கும் காரணம்.

இனி சிகிச்சைகள். கூட்டு மருந்து என்பது கவர்ச்சியில்லாத வழி. ஆனால் ஆதாரம் உறுதியானது. 1,522 முன்னாள் படைவீரர்களிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில், புப்ரோப்பியான் என்ற வேறு வகை மனச்சோர்வு மருந்துக்கு மாறியவர்களில் நூற்றுக்கு 22.3 பேரும், இருக்கும் மருந்தோடு புப்ரோப்பியானைச் சேர்த்தவர்களில் 26.9 பேரும், மனப்பிரமைக்கான மருந்தான அரிப்பிப்ரசோலைச் சேர்த்தவர்களில் 28.9 பேரும் பன்னிரண்டு வாரத்தில் குணமடைந்தனர். 60 வயதைக் கடந்தவர்களிடம் செய்து 2023இல் வெளியான ஆய்விலும் சேர்ப்பதே மாறுவதைவிட மேலாக இருந்தது. ஆனால் புப்ரோப்பியானைச் சேர்த்தவர்கள் அதிகம் கீழே விழுந்தனர், முதியவர் இருக்கும் வீட்டில் அது சிறிய செய்தியன்று. அரிப்பிப்ரசோலின் தொல்லை வேறு வகை: உட்கார முடியாத ஓர் உள்நடுக்கம். அதைப் பதற்றம் கூடிவிட்டது என்று தவறாக எண்ணி மருந்தளவை ஏற்றிவிடுவதும் நடக்கும். லித்தியம் இன்னொரு பழைய துணை. ரத்தத்தில் அளந்து, அதை வைத்துச் சீட்டை மாற்றும் எண் அதற்கு உண்டு. ஆனால் உடலில் நீர் வற்றினால் அதன் அளவு நஞ்சாகும்வரை ஏறலாம். கத்திரி வெயிலில் வயலிலோ கட்டடத்திலோ வேலை செய்பவருக்கு அதைக் கொடுக்கும்போது, தண்ணீரையும் உப்பையும் பற்றி விளக்காமல் அனுப்பக் கூடாது. இந்த வழியின் நிறை விலையும் எட்டும் தூரமும். குறை, பலன் தெரிய வாரங்கள் ஆகும் என்பது.

காத்திருக்க முடியாதவருக்குக் கீட்டமின். அறுவை அரங்கில் மயக்கத்துக்காகப் பல பத்தாண்டுகளாக இருக்கும் மருந்து இது. 2000இல் யேல் பல்கலைக்கழகக் குழு, மிகச் சிலரிடம், உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம் 40 நிமிடத்தில் நரம்பு வழியே ஏற்றிப் பார்த்தபோது, வாரக்கணக்கில் எதிர்பார்த்த மாற்றம் மணிக்கணக்கில் தெரிந்தது. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் செரட்டோனின் வழியில் செல்ல, இது குளுட்டமேட் என்ற வேறொரு மூளை வேதிப்பொருளின் வழியில் செயல்படுகிறது. புதுமை இந்த இடத்தில்தான். இதன் ஒரு பாதியான எஸ்கீட்டமின், மூக்கில் அடிக்கும் மருந்தாக அமெரிக்காவில் 2019 மார்ச்சில் அனுமதி பெற்றது. தம்பி சொன்னது இதைத்தான். முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இருமுறை. ஒவ்வொரு முறையும் மருத்துவ நிலையத்திலேயே இரண்டு மணி நேரக் கண்காணிப்பு. அன்று வண்டி ஓட்டக் கூடாது. 676 பேரிடம் செய்து 2023இல் வெளியான ஒப்பீட்டில், எட்டாம் வாரத்தில் எஸ்கீட்டமின் பெற்றவர்களில் 27.1 விழுக்காட்டினரும், கூட்டு மருந்தாகக் குவெட்டியாப்பின் பெற்றவர்களில் 17.6 விழுக்காட்டினரும் குணமடைந்தனர். முன்னேற்றம்தான்; ஆனால் நான்கில் மூவர் அப்போதும் குணமடையவில்லை என்பதையும் அதே எண்தான் சொல்கிறது.

இங்கே சாதாரணக் கீட்டமினின் விலை குறைவு. செலவு ஆவது அதைச் சுற்றியுள்ளவற்றுக்கு: படுக்கை, ரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியர், மயக்க மருந்து நிபுணர், துணைக்கு வருபவரின் விடுப்பு, வாரம் இருமுறை பயணம். ஏற்றும்போது சிலருக்கு உடலைவிட்டு விலகி மிதப்பதுபோலத் தோன்றும், அழுத்தம் ஏறும். பெரும்பாலும் அன்றே அடங்கிவிடும். ஒருமுறை ஏற்றியதன் பலன் நாட்களில் தேய்ந்துவிடுவதே பெருங்குறை. பழக்கமாகிவிடும் ஆபத்தும், நெடுநாள் மிகையாகப் பயன்படுத்துபவர்களுக்குச் சிறுநீர்ப்பை கெடுவதும் அறியப்பட்டவை. இந்தியாவில் இதைக் கடும் கட்டுப்பாடுள்ள எக்ஸ் அட்டவணையில் வைத்திருப்பதும் அதனால்தான்.

அம்மா அஞ்சிய மின்னதிர்வுதான், அதாவது தலையில் சிறிது மின்சாரம் செலுத்திக் கட்டுப்பாட்டோடு வலிப்பை உண்டாக்கும் சிகிச்சைதான், இந்த நான்கில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. பழைய திரைப்படங்களில் காட்டியதுபோல விழித்திருக்கும் ஆளைப் பிடித்துவைத்துச் செய்வது இன்று சட்ட விரோதம்: மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடுக்கிறது. கீட்டமினோடு இதை நேருக்கு நேர் வைத்த இரண்டு பெரிய ஆய்வுகள், முதற்பார்வைக்கு ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 2022இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், மருத்துவமனையில் படுத்திருந்த 186 பேரில் மின்னதிர்வு பெற்றவர்களில் 63 விழுக்காட்டினரும், கீட்டமின் பெற்றவர்களில் 46 விழுக்காட்டினரும் குணமடைந்தனர். 2023இல் வெளியான அமெரிக்க ஆய்விலோ கீட்டமின் பெற்றவர்களில் 55.4 விழுக்காட்டினருக்கும், மின்னதிர்வு பெற்றவர்களில் 41.2 விழுக்காட்டினருக்கும் நோய்க்குறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. யார் சேர்க்கப்பட்டார்கள் என்று பார்த்தால் முரண் பெருமளவு அவிழ்கிறது. ஸ்வீடன் ஆய்வில் இருந்தவர்கள் உள்நோயாளிகள். மனப்பிரமையோடு கூடிய மனச்சோர்வு உள்ளவர்களும் அவர்களில் இருந்தனர். வயது கூடியவர்களிடம் மின்னதிர்வின் முந்துதல் தெளிவாக இருந்தது. அமெரிக்க ஆய்வில் மனப்பிரமை உள்ளவர்கள் விலக்கப்பட்டனர். பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்துபோனவர்கள். சிகிச்சையும் மூன்றே வாரம். ஆகவே இரண்டில் எது சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த நோயாளிக்கு என்று கேட்பதே சரி. உணவையும் தண்ணீரையும் மறுப்பவர், அசைவற்று உறைந்துபோனவர், தான் செத்துவிட்டதாகவோ பெரும்பாவம் செய்துவிட்டதாகவோ நம்புபவர், முதியவர் ஆகியோருக்கு மின்னதிர்வைத் தள்ளிப்போடுவதே ஆபத்து. எழுந்து நடமாடுபவருக்கும், நினைவாற்றலை நம்பிப் பிழைப்பவருக்கும் கீட்டமினை முதலில் பார்ப்பது நியாயம். அமெரிக்க ஆய்வில் நினைவுக் குறைபாடு மின்னதிர்வுப் பிரிவிலேயே அதிகம் தென்பட்டது. ஸ்வீடன் ஆய்வில் குணமடைந்தவர்களில் இரு பிரிவிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டுக்குள் மீண்டும் சரிந்தனர் என்பதையும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். எதைச் செய்தாலும் அதன்பின் தொடர் மருந்து வேண்டும்.

செய்தித்தாள்களில் வரும் பிற புது மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். சுரனலோன், 2023 ஆகஸ்டில் பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்காக மட்டும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. பதினான்கு இரவுகளில் முடிந்துவிடும் மாத்திரை அது. பொதுவான மனச்சோர்வுக்கு அனுமதி கிடைக்கவில்லை. இருமல் மருந்தில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானையும் புப்ரோப்பியானையும் சேர்த்த மாத்திரை 2022இல் வந்தது. மேலே சொன்ன சி.ஒய்.பி.2டி6 நொதியைப் புப்ரோப்பியான் தடுப்பதால் முன்னது உடலில் நெடுநேரம் தங்குகிறது, அதுதான் அதன் நுட்பம். இருமல் மருந்தை வீட்டில் கலந்து குடித்து இதைப் பெற முடியாது, ஆபத்தும் உண்டு. காளானிலிருந்து வரும் சைலோசைபினைப் பற்றிய ஆய்வுகள் முன்னேறிவருகின்றன. இந்தியாவில் அது தடைசெய்யப்பட்ட பொருள்.

பதற்றக் கோளாறு மட்டும் உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தாது. அதற்கும் நம்பத்தக்க ரத்தக் குறி இல்லை. தைராய்டு மிகைப்பு, இதயத்துடிப்புக் கோளாறு, அளவுக்கு மீறிய காபி ஆகியவற்றை விலக்குவதற்கே பரிசோதனை. கீட்டமினுக்கும் மின்னதிர்வுக்கும் உள்ள ஆதாரம் மனச்சோர்வுக்குத்தான். பதற்றத்துக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சை மாத்திரைக்கு நிகரான முதல் வழியாக இருந்தும் நம் ஊர்களில் அது எளிதில் கிடைப்பதில்லை என்பதே என் ஆற்றாமை. அந்த இடைவெளியை, பதற்றத்தை உடனே தணிக்கும் மாத்திரைகளான அல்ப்ரசோலமும் குளோனசிபாமும் நிரப்புகின்றன. சில நாள் நிவாரணத்துக்கு அவை நல்லவை. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கித் தின்றால் விட முடியாமல் போகும், திடீரென விட்டால் வலிப்பும் வரலாம்.

அக்காவுக்கு வயது 46. அவள் சாப்பிடுகிறாள், மனப்பிரமை இல்லை, உயிரை விடும் திட்டம் இல்லை. கணக்கு ஆசிரியை. கீட்டமின் ஏற்றும் மருத்துவமனை எங்கள் ஊரிலிருந்து 90 கிலோமீட்டர். இவற்றை வைத்துப் பார்த்தபோது மருத்துவர் முதலில் சொன்ன கூட்டு மருந்தே, அதாவது செர்ட்ராலினோடு அரிப்பிப்ரசோலைச் சேர்ப்பதே, சரியாகப் பட்டது. ஆனால் முடிவில்லாமல் காத்திருக்க மாட்டோம் என்று ஒரு தேதியையும் குறித்துக்கொண்டோம். பி.எச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை ஞாயிறுதோறும் நிரப்புவது. எட்டு வாரத்தில் மொத்த எண் பாதியாகக் குறையாவிட்டால் கீட்டமின். சாப்பாட்டை நிறுத்தினாலோ, உயிரை விடும் எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாம் கேள்வியில் எண் ஏறினாலோ, எட்டு வாரம்வரை காக்காமல் அன்றே மருத்துவரிடம் சென்று மின்னதிர்வைப் பற்றிப் பேசுவது. நள்ளிரவில் மருத்துவர் கிடைக்காவிட்டால் அழைக்க, அரசின் டெலிமானஸ் எண் 14416ஐயும் அதே தாளில் எழுதினோம். மின்னதிர்வு என்ற சொல்லை அந்தத் தாளில் எழுத அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. சட்டப்படி மயக்கத்தில்தான் செய்வார்கள் என்று அக்காவே அவருக்கு விளக்கினாள்.

முதல் வாரம் எண் 19. இரண்டாம் வாரம் அக்கா இரவெல்லாம் திண்ணைக்கும் கொல்லைக்கும் நடந்தாள். கால்கள் நிற்க மறுக்கின்றன என்றாள். அது அரிப்பிப்ரசோலின் வேலை என்று படித்திருந்ததால் பதறாமல் தொலைபேசியில் சொன்னோம். அளவைப் பாதியாகக் குறைத்தார்கள், நான்கு நாளில் அடங்கியது. ஐந்தாம் வாரம் 14, ஏழாம் வாரம் 11. பாதிக்கு இன்னும் ஒன்றரைப் புள்ளி இருக்கிறது. வரும் ஞாயிறு எட்டாம் வாரம். கீட்டமின் மருத்துவமனைக்குப் போய்வர எந்தப் பேருந்து, யார் துணைக்கு வருவது என்பதையும் அக்கா அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.